தலை மட்டும் தெரியும் படகு

ஹாங்கோ,
11 மே 1997

அன்புள்ள ஹில்கா,

கிறிஸ்துமஸ் அட்டைக்கு மே மாதத்தில் பதில் எழுதுகிறவள் பின்லாந்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அட்டை அழகாகத்தான் இருந்தது. ஆனால் ‘நாங்கள் நலம், நீ நலமா’ என்று நாலு வருஷமாக ஒரே வரியை அனுப்புகிறாயே, குவோப்பியோவில் வேறு வரி விற்பதில்லையா?

நீ கேட்கத் தயங்குவதற்கெல்லாம் நானே பதில் சொல்லிவிடுகிறேன். கால்கள் அப்படியேதான் இருக்கின்றன. பனி உறைந்த சாலையில் கார் சுழன்ற அந்தக் காலையோடு இடுப்புக்குக் கீழே உணர்வு போனது போனதுதான், இனி வராது. துறைமுக அலுவலகத்தில் என் பழைய மேசையையே கொடுத்திருக்கிறார்கள். நாற்காலி மட்டும் வீட்டிலிருந்து வருகிறது.

இப்போது செய்தி. நான் மறுபடியும் படகு ஓட்டுகிறேன்.

இரண்டு பேர் ஓட்டிய நம்முடைய பழைய படகு மாதிரி இல்லை. ஒரே ஆளுக்கான சின்னப் பந்தயப் படகு. குளியல் தொட்டிக்குள் இறங்குவது போல் உள்ளே இறங்கி, முன்னால் பார்த்து உட்கார வேண்டும். தோளும் தலையும்தான் வெளியே தெரியும். பாய்க் கயிறுகள் எல்லாம் மடிக்கே வந்துவிடும். கால் இருப்பவர்கள் சுக்கானைக் காலால் மிதித்துத் திருப்புகிறார்கள். எனக்குக் கையில் ஒரு தடி. அடியில் கனத்த ஈயக் கட்டி தொங்குவதால் எந்தக் காற்றிலும் கவிழாது, நனைவதற்கு மட்டும் குறைவில்லை. கரையிலிருந்து என்னை ஒரு பட்டையில் உட்காரவைத்து, சின்னக் கிரேனால் தூக்கி உள்ளே இறக்குவார்கள். இறக்குகிறவர் எங்கள் படகுச் சங்கத்தின் கிழவர் ரக்னார். “தலையைக் குனிம்மா, பாய்மரத்துல இடிச்சுக்காதே. மரம் புதுசு” என்பார்.

இதில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? இந்தப் படகில் நடக்க முடிந்தவர்களும் முடியாதவர்களும் ஒன்றாகவே ஓட்டுகிறார்கள். தனி வரிசை, தனிப் பரிசு எதுவும் கிடையாது. தண்ணீரில் வெறும் தலைகள்தான். யாருக்குக் கால் இருக்கிறது என்று கரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது, எங்களுக்கே மறந்துவிடும்.

பதினோரு வருஷம் நீ சுக்கான் பிடித்தாய். நான் படகு சாயாமலிருக்கப் பாய்மரக் கம்பியில் வெளியே தொங்கிக்கொண்டு, நீ ‘இழு’ என்றால் இழுத்தேன், ‘விடு’ என்றால் விட்டேன். இந்தப் படகில் முதல் நாள் பாதித் தூரம் போனபிறகும், யாராவது ‘இழு’ என்று சொல்வார்கள் என்று காத்துக்கொண்டிருந்தேன். சொல்ல ஆள் இல்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று நானே யோசிக்க வேண்டியிருந்தது. நாற்பது வயதில் புதுப் பழக்கம்.

ஜூலை கடைசியில் இங்கே போட்டி. சங்கத்துப் படகு ஒன்றை உனக்கு இரவல் தருவார்கள், நான் பேசிவிட்டேன். வா. உன்னைப் பார்க்க ஆசை. அதைவிட உன்னைத் தோற்கடிக்க ஆசை.

உன்
ரெய்யா


குவோப்பியோ,
25 மே 1997

அடி ரெய்யா,

உன் கடிதத்தைப் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சிக் கூடத்தில் நின்றபடியே படித்தேன். பிள்ளைகள் பந்தை என் தலைமேல் எறிந்தார்கள், அதுகூடத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்துவிட்டுப் போனபிறகு எத்தனையோ தடவை பேனாவை எடுத்தேன். எதை எழுதினாலும் படகில்தான் போய் முடிந்தது. படகைப் பற்றி உன்னிடம் எப்படி எழுதுவது என்று கிழித்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால் நீ என்னைவிட அதிகமாகக் கடலில் இருக்கிறாய். நான் ஏரி ஓரத்தில் பையன்களுக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்கிறேன். இங்கே இப்போதுதான் பனி கரைந்து தண்ணீர் கண்ணில் படுகிறது.

வருகிறேன். ஆனால் உன்னோடு போட்டியா போடுவது? சும்மா இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதாதா? எனக்கு அந்தப் படகே புதிது என்பது ஒருபுறம் இருக்கட்டும். நான் உனக்கு முன்னால் வந்து நின்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நான்தான் என்ன நினைப்பேன்?

சரி, திட்டாதே. ரை மாவு ரொட்டி கொண்டுவருகிறேன், உள்ளே மீன் வைத்துச் சுட்டது. ஹாங்கோவில் அது உருப்படியாகக் கிடைக்காது.

உன்
ஹில்கா


குவோப்பியோ,
5 ஆகஸ்ட் 1997

என் ரெய்யாவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் காரில் நீ கட்டிக்கொடுத்த புகைபோட்ட மீனின் வாசனை. கண்ணாடியை இறக்கினாலும் போகவில்லை.

நீ மடியில் கோப்பையை வைத்துக்கொண்டு துறைமேடையில் வந்தது கண்ணிலேயே நிற்கிறது. எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். ரக்னார் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினாரே, பார்த்தாயா? கடைசிச் சுற்று வரை நான் உனக்கு முன்னால் இருந்தேன் என்பதே எனக்கு ஆச்சரியம். அதற்குப் பிறகு காற்று என்னை ஏமாற்றிவிட்டது. இடப்பக்கம் நல்ல காற்று வரும் என்று நினைத்துப் போனேன், வரவில்லை. நீ வலப்பக்கம் போனாய், ஜெயித்தாய். எவ்வளவு சந்தோஷம் எனக்கு, சொல்லத் தெரியவில்லை. உனக்கு இது கிடைக்கவேண்டும் என்று அவ்வளவு நினைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இலையுதிர் காலத்தில் ஒருமுறை வருகிறேன். சேர்ந்து சவுனா நீராவி அறையில் உட்காரலாம்.

அன்போடு
ஹில்கா


ஹாங்கோ,
12 ஆகஸ்ட் 1997

ஹில்கா,

காற்று உன்னை ஏமாற்றவில்லை.

வலப்பக்கம் தண்ணீர் கறுத்துக்கொண்டு வந்தது. காற்று அங்கிருந்துதான் வரப்போகிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கும். அந்தப் படகில் தலையைத் தவிர வேறெதுவும் வெளியே தெரியாது, அதனால் தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் தலை வலப்பக்கம் திரும்பியது. அந்தக் கறுப்பைப் பார்த்தாய். திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு நேராக வைத்துக்கொண்டு இடப்பக்கமே போனாய்.

பதினோரு வருஷம் உன் முதுகுக்குப் பக்கத்தில் தொங்கினேன். காற்றைப் பார்த்த பிறகு நீ ஒரு தடவைகூடச் சும்மா இருந்ததில்லை. காய்ச்சலோடு ஓட்டிய நாளிலும் திருப்பியிருக்கிறாய். உன் கை என்ன செய்யும் என்று உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கோப்பையைச் சங்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜெயித்தவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்துவிடச் சொன்னேன். ரக்னார், “ஏன்டியம்மா, பைத்தியமா உனக்கு? ஜெயிச்சதை யாராவது திருப்பிக் கொடுப்பாங்களா?” என்றார். “நான் ஜெயிக்கலை. ஒருத்தி குடுத்தா, வாங்கிக்கிட்டேன். அவ்வளவுதான்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

இந்த ஊரில் எனக்குக் கதவு திறந்துவிடுகிறார்கள், கடையில் வரிசையில் முன்னால் விடுகிறார்கள், அலுவலகத்தில் கனமான வேலையை எடுத்துப் போய்விடுகிறார்கள். நல்லவர்கள்தான், நன்றி சொல்லிக்கொண்டு போகிறேன். ஒரே ஓர் இடத்தில் அது இல்லாமல் இருந்தது. அங்கேயும் நீ வந்து கதவைத் திறந்துவிட்டாய்.

இலையுதிர் காலத்தில் வர வேண்டாம்.

ரெய்யா


குவோப்பியோ,
19 ஏப்ரல் 1998

ரெய்யா,

குளிர்காலம் முழுக்க உனக்குப் பதில் எழுதிப் பார்த்தேன். நீ சொன்னது பொய் என்று எழுத வந்தால் பேனா ஓடவில்லை. உண்மை என்று எழுதினால் அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

ஒரு படகு வாங்கியிருக்கிறேன். உன்னுடையதைப் போன்றதே, பழசு. கார் கொட்டகையில் கிடக்கிறது. உள்ளே புகும் தண்ணீரை வெளியேற்றும் பம்பின் குழாயை முன்பக்கமாகக் கொண்டுபோக வேண்டுமா, பின்பக்கமாகவா? இங்கே கேட்க யாரும் இல்லை.

ஹில்கா


ஹாங்கோ,
27 ஏப்ரல் 1998

ஹில்கா,

பின்பக்கமாக. வளைவு இல்லாமல் கொண்டுபோ, இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும். இருக்கையைக் கையகலம் தாழ்த்து. போன வருஷம் நீ கோழி மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், காற்று உன்மேலேயே மோதியது.

ரெய்யா


குவோப்பியோ,
18 ஆகஸ்ட் 1998

ரெய்யா,

ஹாங்கோவில் பந்தயம் முடிந்ததும் நீ என் பக்கம் பார்க்காமல் போய்விட்டாய், அதனால் எழுதுகிறேன்.

செப்டம்பரில் வெளிநாட்டில் நடக்கும் பெரிய போட்டிக்கு இன்னும் ஓர் இடம்தான் மிச்சம் என்பதும், அது உனக்கா எனக்கா என்பது கடைசிப் பந்தயத்தில்தான் முடிவாகும் என்பதும் இரண்டு பேருக்கும் தெரியும். காற்றுக்கு எதிரே இருக்கும் மேல் மிதவைக்குப் போகும்போது எனக்கு வலப்பக்கக் காற்று, உனக்கு இடப்பக்கக் காற்று. விதிப்படி வழிவிட வேண்டியவள் நீ. நீ குறுக்கே வந்தாய். நான் சுக்கானைத் திருப்பியிருக்காவிட்டால் இடித்திருப்பேன். ‘ஆட்சேபம்’ என்று கத்தினேன். நீ அங்கேயே தண்டனைக்கான இரண்டு வட்டம் சுற்றிவிட்டுப் போயிருக்கலாம். சுற்றாமல் போனாய், எனக்கு முன்னால் முடித்தாய்.

கரைக்கு வந்து ஆட்சேபத்தை எழுதிக் கொடுக்கப் போனபோது ரக்னார் என்னைக் காப்பிப் பானைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“எழுதித்தான் ஆகணுமா, அம்மா? அந்தப் பொண்ணு பட்டது போதாதா? ஒரு வெளியூர்ப் பயணம், போய்ட்டு வரட்டுமே.”

“அதை அவகிட்டயே கேளுங்க” என்றேன்.

“அவகிட்ட எப்படிக் கேக்கறது?”

“அப்போ என்கிட்டயும் கேக்காதீங்க.”

விசாரணை அறையில் நடந்தது உனக்கே தெரியும். மேசைமேல் அந்தப் பொம்மைப் படகுகளை நகர்த்தி எவ்வளவு நன்றாகப் பேசினாய். “அவ திருப்பியே இருக்க வேண்டாம். பாதிப் படகு அளவுக்கு இடம் இருந்துச்சு. அவளுக்கு எப்பவுமே அவசரம், பதினோரு வருஷமாப் பாத்திருக்கேன்” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். “நான் திருப்பலைன்னா என் படகு மூக்கு உன் முதுகுல ஏறியிருக்கும்டி” என்றேன். குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ரக்னார், “அறைக்குள்ள ‘டி’ எல்லாம் வேண்டாம்” என்றார். பந்தயத்தில் நமக்குப் பின்னால் ஓட்டி வந்த ஆலந்துத் தீவுக்காரர் பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். உன்னைப் பந்தயத்திலிருந்து நீக்கினார்கள்.

வெளியே வந்தபோது யாரும் என்னோடு பேசவில்லை. உருளைக்கிழங்கும் ஹெர்ரிங் மீனும் பரிமாறினார்கள். என் மேசையில் நான் மட்டும். பக்கத்து மேசையிலிருந்து ஒரு அம்மாள் எனக்குக் கேட்கும்படியே சொன்னாள்: “ரெண்டு காலும் நல்லாத்தானே இருக்கு. இன்னும் என்ன வேணுமாம் அவளுக்கு?” சாப்பிட முடியவில்லை. தட்டை வைத்துவிட்டுக் கிளம்பினேன். லாஹ்தி நகரம் வரை அழுதுகொண்டே காரை ஓட்டினேன். அதற்குப் பிறகு மழை வந்தது, சாலையைக் கவனிக்க வேண்டியதாயிற்று.

அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது, ரெய்யா. உனக்குப் பாடம் சொல்ல நான் எழுதிக் கொடுக்கவில்லை. எனக்கு ஜெயிக்கவேண்டும் என்றிருந்தது. நீ குறுக்கே வந்தபோது வேறு எதுவும் நினைவில் இல்லை, உன் கால்கள்கூட.

மன்னிப்புக் கேட்க மாட்டேன். நீ பதில் எழுதாவிட்டால் அதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஹில்கா


ஹாங்கோ,
26 ஆகஸ்ட் 1998

ஹில்கா,

அன்று நீ என் பக்கத்தில் வந்திருந்தால் கையில் கிடைத்ததை எடுத்து அடித்திருப்பேன். நல்லவேளை, வரவில்லை. வீட்டுக்கு வந்து உன்னை வாய்விட்டுத் திட்டினேன். சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிழவர் வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

மறுநாள் அந்த மேசையம்மாள் இலவங்கப்பட்டை ரொட்டியோடு வந்தாள். “பாவம்டி நீ. எப்படிப்பட்ட சிநேகிதி பாரு” என்றாள். நானும் ‘ஆமாம்’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “அவ செஞ்சது சரிதான். நான் இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பேன்” என்று வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. போகும்போது ரொட்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவாளோ என்று பயந்தேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

இடம் போதாது என்று எனக்குத் தெரியும். அறையில் பேசியது வாதம், அதை விடு. படகைக் குறுக்கே விட்டபோது எனக்குத் தெரிந்திருந்தது. உன் பின்னால் சுற்றிப் போயிருக்கலாம், பெரிய நஷ்டம் இல்லை. ஆலந்துக்காரர் வந்திருந்தால் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் வந்தது நீ. ‘ஹில்காதானே, விட்டுவிடுவாள்’ என்று நினைத்தேன். போன வருஷம் எதற்காக உன்னை ஒதுக்கி வைத்தேனோ, அதையே இந்த வருஷம் உன்னிடம் எதிர்பார்த்துக்கொண்டு போனேன். நீ கொடுக்கவில்லை.

ஐந்து வருஷமாக என்னிடம் யாரும் முடியாது என்று சொன்னதில்லை. டாக்டர்களைத் தவிர. எனக்கு அது பழகிவிட்டது போலிருக்கிறது. பழகியது எனக்கே தெரியவில்லை. அன்று அறையில் உன் முகத்தைப் பார்த்தேன். பழைய பந்தயங்களில் ஸ்வீடன்காரிகளைப் பார்ப்பாயே, அதே முகம். நான் உனக்கு எதிராக உட்கார்ந்து அந்த முகத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. கோபம் கோபமாக வந்தது. ஆனால் வீட்டுக்கு வந்து தூங்கினேனே ஒரு தூக்கம், விபத்துக்குப் பிறகு அப்படித் தூங்கியதில்லை.

போ. போய் நன்றாக ஓட்டு. அங்கே எல்லாரும் உன்னைவிட வேகம், கவலைப்படாதே, தோற்பதில் வெட்கம் இல்லை. ஆனால் அந்த முன்பாயோடு போகாதே. தோய்த்துத் தோய்த்துப் பிழிந்த படுக்கை விரிப்பு மாதிரி இருக்கிறது, பார்க்கவே சகிக்கவில்லை. என்னுடையது இந்த வருஷம் தைத்தது. உன் படகுக்கும் பொருந்தும், இரண்டும் ஒரே வகைதானே. ரக்னார் வியாழக்கிழமை குவோப்பியோ பக்கம் தன் மகள் வீட்டுக்கு வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். உன்னிடம் எப்படிப் பேசுவது என்று தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார், காப்பி கொடு.

பாயை மடிக்காதே, கோடு விழும். சுருட்டித்தான் வைக்க வேண்டும். காற்று லேசாக இருந்தால் மேல்மூலையைக் கொஞ்சம் தளர்த்திக் கட்டு. இல்லாவிட்டால் முன்விளிம்பு படபடக்கும்.

உன்
ரெய்யா