எனக்குப் பதிலாக வருகிறவர்

கொழும்பு, 12.06.2008

அன்பு பூரணிக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? உன் முழங்கால் வலி எப்படி?

எங்கள் கம்பெனியில் இப்போது எதையும் வீணாக்கக் கூடாதாம். தாளின் இரண்டு பக்கமும் அச்சடிக்கிறோம். வீட்டுக்குப் போகுமுன் கணினிகளை அணைக்கிறோம். பழைய கணினிகளைக் குப்பையில் போடாமல் திருத்திப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கிறார்கள். பூண்டுலோயாவில் நீ படிப்பிக்கும் தோட்டப் பள்ளிக்கூடத்தின் பெயரை மேனேஜரிடம் சொன்னவன் நான். ஆறு கணினிகளையும் திருத்தியவனும் நான். ஆனால் கொண்டுவரப் போகிறவர் என்னோடு வேலை செய்யும் ஜெயதீபன். அவருக்குத்தான் வேன் ஓட்டத் தெரியுமாம்.

"உங்கட வீட்டையும் போய் ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாறன், என்ன?" என்றார்.

"தாராளமா போயிட்டு வாங்க" என்று சிரித்தேன்.

அவர் நகர்ந்ததும் ஒரு கணினியின் மெமரியைக் கழற்றி என் மேசை லாச்சிக்குள் வைத்தேன். அங்கே அது வேலை செய்யாவிட்டால், திருத்தியவன் என்று என்னைத்தானே அனுப்புவார்கள்? ஒரு நாள் முழுக்க அப்படியே விட்டிருந்தேன். பிறகு உன் பிள்ளைகள் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை நினைத்து, அந்த மெமரியைத் திரும்பக் கணினியில் பூட்டிவிட்டேன். யாரிடமும் சொல்லிவிடாதே.

திங்கட்கிழமை வருகிறார். மூன்று நாள் தங்கி உங்களுக்குக் கணினி பழக்குவார். அவரிடம் எலுமிச்சை ஊறுகாயும் உன் படம் ஒன்றும் கொடுத்தனுப்பு. படத்தை உறையில் போட்டு நன்றாக ஒட்டிவிடு.

தபால் கந்தோரை மூடப்போகிறார்கள், அவசரமாக முடிக்கிறேன். அவருக்கு ரொட்டியும் சம்பலும் கொடு. என் தட்டில் மட்டும் போட்டுக் கொடுக்காதே.

உன்
சுதாகரன்