சித்தப்பா என்றே நான் கூப்பிட்ட அப்பாவுக்கு

அன்பு நிறைந்த அப்பா,

இப்படிக் கூப்பிட்டால் நீங்கள் திரும்பிப் பார்க்க மாட்டீர்கள். யாரையோ கூப்பிடுகிறாள் என்று பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நடந்துவிடுவீர்கள். நீங்கள் இருந்தவரை ஒரு முறைகூட நான் உங்களை அப்பா என்று கூப்பிட்டதில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் பொறுங்கள். தாராவியில் நமக்கு இருந்தது ஒரே கோலி, அதாவது ஒரே அறை. அதில் பெரியப்பா குடும்பமும் நாமும் சேர்ந்திருந்தோம். பெரியப்பாவின் பிள்ளைகள் நாலு பேரும் உங்களைச் சித்தப்பா என்பார்கள். பேச்சு வந்ததும் நானும் அப்படியே கூப்பிட்டேன், அதுவே நிலைத்துவிட்டது. அம்மாதான் திருத்திப் பார்த்தாள். "எப்படிக் கூப்பிட்டா என்னளா, சோத்துக்குக் கூப்பிட்டாச் சரிதான்" என்று சிரித்துவிட்டீர்கள்.

அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

மெட்ரிக் தேறிய வருஷம் மாட்டுங்காவில் ஒரு கல்வி நிதிக் குழுவுக்கு மனுப் போட்டேன். அது கிடைத்தால் கல்லூரி. இல்லாவிட்டால் பப்படம் உருட்டப் போக வேண்டும். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் முதலில் கொடுப்பார்கள் என்று நம் கோலி வரிசையில் ஒரு பேச்சு. யார் சொன்னது, யாருக்குத் தெரியும் என்று நான் விசாரிக்கவில்லை.

நேர்காணலுக்கு நீங்களும் வந்தீர்கள். தோல் கிடங்கில் அரை நாள் லீவு போட்டு, இரண்டு தடவை சோப்புத் தேய்த்துக் குளித்திருந்தீர்கள். ஆனாலும் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புத் தொட்டியின் வாடை போகவில்லை. மாடி அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றீர்கள். "கூட வந்தவர உள்ள வரச் சொல்லும்மா" என்றார் செயலாளர். நான் திரும்பி, "சித்தப்பா, உள்ள வாங்க" என்றேன். அதுவரை என் மேல் தப்பில்லை, வாய்ப் பழக்கம்தான்.

"சித்தப்பாவா? அப்போ அப்பா?" என்று கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டார். "பாவம். நீங்கதான் வளக்கறேளா?" என்று உங்களைக் கேட்டார். நீங்கள் என்னை ஒரு தடவை பார்த்தீர்கள். பிறகு, "ஆமாய்யா. நான்தான் வளக்கேன்" என்றீர்கள்.

நீங்கள் பொய் சொல்லவில்லை. பொய் முழுதும் என்னுடையது, அதுவும் வாயைத் திறக்காமலே சொன்னது. படிப்புக்காகத்தான் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்று உள்ளதைச் சொல்கிறேன். அந்த அறையில் மடிப்புக் கலையாத சட்டைகளுக்கு நடுவில் உங்கள் வெடித்த விரல்களைப் பார்த்தபோது, இவர் என் அப்பா என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உதவித்தொகை அதற்கு ஒரு சாக்கு.

திரும்பி வந்ததும் கோலி வாசலில் நின்று, "அம்மகிட்டச் சொல்லாண்டாம். தாலியோட இருக்கவ மனசு தாங்காது" என்றீர்கள். உதவி கிடைத்தது. என்னால் யாருக்காவது கிடைக்காமல் போனதா? அதையும் நான் கேட்டுப் பார்க்கவில்லை.

நான் நாலாவது வருஷம், கடைசி வருஷம் படித்தபோது நெஞ்சுச் சளியில் நீங்கள் போனீர்கள். கல்லூரியில் சித்தப்பா இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். சித்தப்பாவுக்கு அவ்வளவுதான் லீவு. மாட்டுங்காவுக்கும் போய் அதையே சொன்னேன். செயலாளர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரிம்மா" என்றார்.

இப்போது உங்கள் மகள் செம்பூரில் டீச்சர். போன ஞாயிற்றுக்கிழமை அதே குழுவில் என்னையும் நேர்காணலுக்கு உட்கார வைத்தார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, சிரிக்காதீர்கள். குர்லாவிலிருந்து ஒரு பெண் வந்தாள். கூட வந்தவர் பட்டறையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும், சட்டையெல்லாம் கிரீஸ். நான்தான் கேட்டேன், "இவர் உனக்கு என்ன வேணும்?" என்று.

"எங்க அப்பா" என்றாள். கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டாள்.

மீதிக் கேள்விகளைப் பக்கத்தில் இருந்தவரிடம் விட்டுவிட்டேன். அவளுக்கு நல்ல மதிப்பெண், உதவி கிடைத்துவிட்டது. எல்லோரும் போன பிறகு, இன்னும் அங்கே இருக்கிற அதே செயலாளரிடம் போய், "ஐயா, அன்னைக்கு என்கூட வந்தது என் அப்பா" என்றேன். அழுதுவிட்டேன்.

அவர் ஆச்சரியப்படவே இல்லை. "தெரியும்மா. நீ மூணாவது வருஷம் படிக்கறச்சயே அவர் தனியா வந்து சொல்லிட்டார். நான்தான் பெத்தவன், புள்ள வாய் தவறிட்டா, நிறுத்தறதுன்னா நிறுத்திடுங்கன்னார். அவகிட்ட மட்டும் காரணம் சொல்லாதீங்க, தலை குனிஞ்சுடுவான்னார்."

"ஏன் நிறுத்தலை?"

"எதுக்கு நிறுத்தணும்? அப்பா இல்லாதவாளுக்குத்தான்னு எங்க எழுதியிருக்கு? மார்க்குக்குக் குடுத்தது அது."

பீரோவைத் திறந்து என் கடைசி வருஷத்து உதவித்தொகைப் பாரத்தை எடுத்துக் காட்டினார். அந்த வருஷம் அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உங்கள் கோணல் கையெழுத்து. பக்கத்தில், நீங்களே எழுத்துக் கூட்டி எழுதிய 'தகப்பனார்'. அதில் 'ப்' விட்டுப்போய், பிறகு மேலே சேர்த்திருக்கிறீர்கள்.

பாரத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "சித்தப்பா போயிட்டார்னு வந்து சொன்னியே, அன்னிக்காவது வாய் திறப்பியோன்னு பாத்தேன்மா."

அப்பா, என்னைக் காப்பாற்ற அந்த மாடிப்படி ஏறிப் போய்த் தலைகுனிந்து நின்றீர்களே, வீட்டுக்கு வந்து என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? நீங்கள் செத்த பிறகும், எந்தத் தேவையும் இல்லாதபோதும், உங்களை நான் வேறு யாரோ ஆக்கினேன். இதற்கு எந்தச் சமாதானமும் என்னிடம் இல்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "உசுரோட இருந்த மனுசனயா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் என் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிறபோது பார்க்கட்டும்.

குழுவின் ஆண்டுக் கூட்டம் வருகிறது. படிக்கிற பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் வருவார்கள், என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் படிப்புக்கு உதவி கேட்டு வந்த அன்று என் அப்பா உயிரோடு என் பக்கத்தில் நின்றார் என்று சொல்வேன். தோல் கிடங்கில் வேலை பார்த்தவர் என்று சொல்வேன். அவரை இல்லை என்று ஆக்கியது நான்தான் என்பதையும் சொல்லாமல் மேடையைவிட்டு இறங்க மாட்டேன்.

உங்கள் மகள்,
சொர்ணம்