அக்காவுக்கு ஏற்ற பேனா

மார்ச் 4
அலுவலகத்தில் சலவை இயந்திரக் கையேட்டுக்குப் படம் வரைகிறேன். எந்தக் குழாயை எங்கே மாட்டுவது என்று ஊருக்கே புரியவைக்கிறேன். வீட்டில் அக்காவுக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் எனக்குப் புரிவதில்லை. பக்கவாதம் அவள் வலது கையோடு பேச்சையும் கொண்டுபோய்விட்டது. "படம் காட்டுங்க, வேணுங்கறதைத் தொட்டுக் காட்டட்டும்" என்றார் பேச்சுப் பயிற்சி தருபவர். அத்தான் உடனே டேப்லெட் வாங்கி என் கையில் கொடுத்துவிட்டார். எந்தச் செயலியில் வரைவது என்பது என் தலைவலி.

மார்ச் 6
முதல் செயலி. கரி, மை, நீர்வண்ணம் என்று தூரிகையிலேயே ஒரு கடைத்தெரு. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கோடு! அதுவும் பேனா போய்ச் சேர்ந்த பிறகு ஆடி அசைந்து வருகிறது. தூக்கிவிட்டேன்.

மார்ச் 7
இரண்டாவது, வரைய விடுகிறது, சேமிக்க விடுவதில்லை. பாதிப் படம் போச்சு. சனியன்.

மார்ச் 9
மூன்றாவது செயலி அருமை. கோடு வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. நாற்காலி, தலையணை, கழிப்பறை வரைந்தேன். தண்ணீருக்கு, ஜன்னலோரம் ஒரு கண்ணாடி டம்ளர். அதில் வெயில் ஊடுருவுகிற மாதிரி. எனக்கே பெருமை.

அக்கா அந்தப் படத்தைத்தான் தொட்டாள். தண்ணீர் கொடுத்தேன். முகத்தைத் திருப்பினாள். மறுபடி தொட்டாள். மறுபடி கொடுத்தேன். டம்ளரைத் தட்டிவிட்டாள்.

"என்னதான்க்கா வேணும்? சொல்லித் தொலையேன்!"

யாரிடம் போய் என்ன சொன்னேன்... நாக்கை அறுத்துக்கொள்ளலாம்.

அத்தான் துணி எடுத்து வந்து துடைத்தார். "விடும்மா. அவளுக்கும் கோவம், உனக்கும் கோவம். நனைஞ்சது என்னமோ தரைதான்."

மார்ச் 10
அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

மார்ச் 13
மூன்றாவது செயலி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதாம். காத்திருக்க வேண்டுமாம். எரிச்சலில், டேப்லெட்டோடு வந்த குறிப்பெழுதும் செயலியைத் திறந்தேன். ஒரு பேனா, ஒரு அழிப்பான், அவ்வளவுதான். இதில் என்னத்தை வரைவது என்று முனகும்போதே அக்கா இடது கையால் பேனாவைப் பிடுங்கினாள்.

கோணலாக ஒரு கட்டம். நடுவே ஒரு கோடு.

"கட்டிலா? அலமாரியா?"

தலையாட்டி மறுத்தாள். சுவரைப் பார்த்தாள்.

"ஜன்னலா? தொறக்கணுமா?"

பேனாவால் டேப்லெட் திரையைத் தட்டு தட்டென்று தட்டினாள்.

திறந்தேன். கண்ணை மூடிக் காற்றை இழுத்துவிட்டாள். அன்று அவள் தொட்டது டம்ளரை இல்லை. அதற்குப் பின்னால் நான் அழகுக்காகப் போட்ட ஜன்னலை. இத்தனை நாள் புழுக்கத்தில் கிடந்திருக்கிறாள். நான் வெயிலுக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மார்ச் 14
மூன்றாவதையும் அழித்தேன்.

மார்ச் 21
இன்று அக்காவுக்கும் எனக்கும் நல்ல சண்டை. பயிற்சியைத் தட்டிக்கழிக்கிறாள் என்று சத்தம் போட்டேன். டேப்லெட்டை இழுத்து வரைந்தாள்: பரட்டைத் தலை, முகம் முழுக்க வாய்.

"நானா இது? நான் எப்பக்கா இப்படிக் கத்துனேன்?"

அழிப்பானை எடுத்து வாயை அழித்தாள். சரி, இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன்.

இன்னும் பெரிதாகப் போட்டாள்.