விதைக்காப்பு அணிந்த பொலியேறுகள்

நாடு தழைக்கட்டும், மழை தவறாதிருக்கட்டும், மந்தைகள் பெருகட்டும். செம்மணல் நாடு முழுவதையும் தம் குடைநிழலில் வைத்தாளும் பெருமானடிகளின் வலக்கையாகவும், பொற்கதவ நகரின் முதலமைச்சராகவும், ஏழு கோட்டைகளின் திறவுகோலைத் தாங்கியவராகவும் விளங்கும் ஏனாதி கொற்றங்கிழார் திருமுன், முல்லைப்புற எல்லையில் அரச மோதிரம் பெற்று நிற்கும் கீழோலை எழுத்தன் தத்தன் விடுக்கும் ஓலை இது. அமைச்சர் இல்லத்தில் நோயின்மையும், தொழுவத்தில் பாலும், இதனைப் படித்து முடிக்கும் வரையிலேனும் பொறுமையும் நிலைத்திருப்பதாக.

ஆட்சியாண்டு பதினொன்று, பங்குனித் திங்கள், தேய்பிறை ஆறாம் நாள். சென்ற ஐப்பசியில் எல்லையோடையைக் கடக்கும் முன், அரசரின் மூன்றாம் பொலியேறாகிய மயிலை என்னும் இனம்பெருக்கும் காளைக்கு அணிவிக்க வேண்டிய விதைக்காப்பைத் தத்தன் நீரில் அலசி முள்வேலியில் உலரப் போட்டான். அதை ஒரு வெள்ளாடு தின்றுவிட்டது. அன்றே அவன் இதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை.

பகலில் சுவடி கட்டி, விளக்கேற்றிய பின் அந்திப் பள்ளியில் ஓலை இலக்கணம் பயின்றவன் அவன். பிழையைச் சொல்ல நேர்ந்தால் அதை ஓலையின் நடுவே, இரண்டு புகழுரைகளுக்கு இடையில் வைக்க வேண்டும் என்று அங்கே கற்பித்தார்கள். முதலிலேயே வைத்தது முறைதானா என்ற ஐயம் அவனுக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த ஆட்டை விட்டுவிட்டு எழுதினால் பின்வருவது எதுவும் விளங்காது.

விதைக்காப்பு என்பது யாது என்று அமைச்சர் அறிவார். ஓலையை உரக்கப் படிக்கும் ஏவலர் அறியாதிருக்கலாம். அரச மருத்துவர், வாகடப் பேரொளி மாதேவ பண்டிதர், உழவர் விதைநெல்லை வைக்கோல் பொதியாகிய கோட்டையில் கட்டி வெதுவெதுப்பாகக் காப்பதைக் கண்டு, ஏற்றின் விதையையும் அவ்வாறே காத்தால் நாட்டில் கன்றுகள் பெருகும் என்று அவையில் எடுத்துரைத்தார். அவர் வகுத்தபடி, உள்ளே செம்மறி மயிரும் வெளியே இரட்டைப் பட்டும் வைத்துத் தைத்த பையே விதைக்காப்பு. ஏற்றின் விதைப்பையை அதனுள் இட்டு, நாடாவால் இடுப்பைச் சுற்றிக் கட்டித் தையலிட்டுவிட வேண்டும். கண்ணேறும் படாது, குளிரும் தாக்காது என்றார் பண்டிதர். அவை மெய்சிலிர்த்தது. ஆடித் திருநாளன்று முதல் ஏற்றுக்குத் திரிபுவனத் திமிலன் என்றும், இரண்டாம் ஏற்றுக்குப் பேரரசுக் கொம்பன் என்றும் பட்டம் சூட்டி, முரசு முழங்க விதைக்காப்பு அணிவித்தார்கள். பட்டம் இல்லாத மயிலைக்கு மட்டும், எல்லையைத் தாண்டும்போது அணிவித்தால் போதும் என்று முடிவாயிற்று. அந்த ஒரு சொட்டு அலட்சியத்தால்தான் இன்று முல்லைப்புறத்தில் சினைமாடுகள் இருக்கின்றன.

மூன்று ஏறுகளையும் முல்லைப்புற மந்தையில் மூன்று பட்டிகளாகப் பிரித்து விட்டார்கள். புல் ஒன்று, நீர் ஒன்று, பசுக்கள் ஒரே இனம். ஏறுகள் மூன்றுமே தம் கடமையில் குறை வைக்கவில்லை. குறிப்பாகத் திமிலனின் ஊக்கத்தைப் பற்றி எழுதத் தத்தனின் எழுத்தாணி கூசுகிறது. ஆயினும் திமிலனின் பட்டியிலும் கொம்பனின் பட்டியிலும் இருந்த பசுக்கள் திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தனவே அன்றிச் சினைப்படவில்லை. மயிலையின் பட்டியிலோ ஏறத்தாழ எல்லாப் பசுக்களும் சினை.

எல்லைக் காவலர் வழியாக இச்செய்தி பொற்கதவம் சேர்ந்தபோது பண்டிதர் அவையில் கூறியதாக அறியப்படுவது: மயிலையின் வெற்றிக்குக் காரணம் விதைக்காப்பு, மற்ற இரண்டின் தோல்விக்குக் காரணம் முல்லைப்புறத்துப் பசுக்கள், அவை பட்டம் பெற்ற விதையைத் தாங்கும் தகுதியற்றவை. கன்று பிறந்தால் பையின் பெருமை, பிறக்காவிட்டால் பசுவின் குறை என்னும் இந்த மருத்துவத்தில் தோற்க வழியே இல்லை. மயிலை பை அணியவில்லை என்பதை அறிந்த ஒரே அரச ஊழியன் வாய் திறக்காதிருந்தான். அவன் பெயர் மேலே உள்ளது.

விதையின் தரம் காணப் பண்டிதர் தந்தனுப்பிய வெள்ளிக் கிண்ணத்தையும் தத்தன் முறைப்படி பயன்படுத்தினான். கிண்ணத்தில் நீர் வார்த்து, ஏறு இறங்கியபின் சொட்டும் துளியை அதில் ஏந்த வேண்டும்; மூழ்கினால் உத்தமம், மிதந்தால் பழுது. திமிலனின் துளி மூழ்கியது. கொம்பனின் துளி மூழ்கியது. மயிலையின் துளியும் மூழ்கியது. தன் கைதான் சரியில்லையோ என்று ஐயுற்ற தத்தன், தன் காலைக் கஞ்சியிலிருந்து ஒரு துளியை எடுத்து அந்தக் கிண்ணத்து நீரில் இட்டுப் பார்த்தான். அதுவும் மூழ்கியது. பண்டிதரின் அளவுப்படி அது ஓர் உத்தமப் பொலிகஞ்சி.

இந்நிலையில் நேற்று அவையின் ஆணை வந்து சேர்ந்தது. அதில் இரண்டு கட்டளைகள். பொன்னிழை வேய்ந்த, இன்னும் தடித்த புதிய விதைக்காப்பை மயிலைக்கு அணிவித்து, மகாவித்துப் பேரரையன் என்னும் பட்டத்தை நாளை நல்லோரையில் சூட்டுவது முதலாவது. அரச விதையை அவமதித்த குற்றத்துக்காக, முல்லைப்புறத்தார் கோடையில் மேய்க்கும் நாணல்திட்டுப் புல்வெளியைப் பறித்து அரசக் குதிரைகளுக்கு ஆக்குவதும், மந்தையை மலைப்பக்கம் ஓட்டுவதும் இரண்டாவது. மலைப்பக்கத்தில் கோடையில் கல்தான் விளையும். சினையாய் நிற்கும் பசுக்கள் அங்கே கன்று ஈனும் முன்பே விழும்.

ஆணையைத் தத்தன் மந்தை நாயகி சாத்திக்கு முதலில் தனியே தெரிவித்தான். எல்லைநாட்டார் பேச்சைத் திருத்தாமல் பேசியபடியே எழுத வேண்டும் என்பது அமைச்சரின் நிலைக்கட்டளையாதலால், அவள் சொன்னது அவ்வாறே வருகிறது.

"எங்க மாட்டுக்குத் தகுதியில்லையா? போன மாசம் திமிலன் பட்டியிலிருந்து ரெண்டு மாடு வேலிய முறிச்சிக்கிட்டு மயிலைகிட்ட ஓடிச்சே, ஞாபகம் இருக்கா? ரெண்டும் இப்ப சினை. தகுதி என்ன, வேலிக்கு அந்தப் பக்கமா கெடந்துச்சு?"

தத்தனுக்கு நினைவிருந்தது. வேலி முறிந்ததை அன்று அவன் ஒழுங்கீனம் என்று கருதினானே ஒழிய, அதில் வேறு எதையும் காணவில்லை. பசு அதே பசு. ஏறு மாறியதும் சினை.

"அப்ப காளையிலதான் ஏதோ இருக்கு," என்றாள் சாத்தி. "நான் அதுங்க ஊர் ஏக்கத்துல இருக்குதுன்னு நெனச்சேன். கொம்பனுக்கு வெல்லங்கூடக் குடுத்தேன். வெல்லந்தான் தீந்துச்சு." பிறகு மூன்று பட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஏம்ப்பா ஓலைக்காரா, அந்த ரெண்டுக்கும் பட்டுல கோவணம் கட்டியிருக்கே. மயிலைக்கு மட்டும் ஏன் இல்ல?"

மயிலைக்கு உரியது சலவையில் இருக்கிறது என்று தத்தன் கூறினான்.

"ஐப்பசியிலேர்ந்தா?"

அருகில் கயிறு முறுக்கிக்கொண்டிருந்த அவள் தம்பி நீலன் அப்போது சிரிக்கத் தொடங்கினான்.

"அக்கா, அத நம்ம செவலச்சி தின்னுபுட்டா. ஓடைக்கரையில என் கண்ணாலயே பாத்தேன். ரெண்டு நாளா பட்டு நூலாத்தான் புழுக்க போட்டா."

"ஏண்டா, இத்தன நாளா ஏன் வாயத் தொறக்கல?"

"அய்யாவே சொல்லல. நான் எதுக்கு முந்திக்கணும்? ஆட்டுக்கு வரி போட்டுட்டா?"

தத்தன் நேரே திமிலனின் பட்டிக்குள் சென்றான். ஆடி முதல் ஒருமுறையும் அவிழ்க்கப்படாத அந்தப் பையின் தையலில் இரண்டு விரல் நுழையும் அளவு பிரித்து விரல்களை உள்ளே விட்டான். திமிலன் ஓர் அரச ஏற்றுக்குரிய பெருந்தன்மையுடன் ஒருமுறை மட்டுமே உதைத்தது. உள்ளே அடுப்பிலிருந்து இறக்கிய பானையின் அடிபோல் வெந்துகொண்டிருந்தது; விரல்கள் வேர்வையில் நனைந்தன. பின்பு மயிலையிடம் சென்று தொட்டுப் பார்த்தான். அது காற்றில் தொங்கி, அதன் உடம்பைவிடக் குளிர்ந்திருந்தது. கொம்பனிடம் சென்றான், மறுபடியும் பானை. தன் கை வெயிலில் சுட்டிருக்குமோ என்று ஓடை நீரில் நனைத்துத் துடைத்து, மூன்றையும் மீண்டும் தொட்டான். அதே விடைதான் வந்தது.

விதைநெல் உலர்ந்து கிடந்து காப்பாற்றப்படுவது. ஏற்றின் விதையோ நாளும் உள்ளே ஊறுவது. அது உடம்புச் சூட்டுக்கு விலகித் தொங்குமாறு இயற்கை வைத்ததற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தைத்தான் நாம் பட்டில் பொதிந்து தைத்துவிட்டோம் என்று தத்தனுக்குத் தோன்றியது. காக்க வேண்டியதைக் காத்துக் காத்தே அவித்துவிட்டோம். இது அந்திப் பள்ளியில் பாடமாக வந்ததன்று. அவன் எண்ணம் தவறாகவும் இருக்கலாம். ஆனால் புல்லும் நீரும் பசுவும் பொதுவாயிருக்க, மூன்று ஏறுகளுக்கும் இடையே அந்தப் பை ஒன்றைத் தவிர வேறு வேற்றுமையை அவனால் காண முடியவில்லை. பட்டத்தை அவன் கணக்கில் கொள்ளவில்லை. பட்டத்தால் விதை கெடுமானால் அவையில் பலருக்கும் மக்கட்பேறு இருந்திராது.

பையை எடுத்துவிட்டால் இரண்டும் தேறுமா என்று அவன் கேட்டபோது நீலன் சொன்னது: "கடுங்காய்ச்சல் கண்ட காளை ரெண்டு மாசம், மூணு மாசம் சும்மா ஏறி எறங்கும். அப்புறம் சரியாவும். இதுவும் ஒருவகையில காய்ச்சல்தானே, அய்யா? கட்டிவிட்ட காய்ச்சல்."

சாத்தி புதிய பையைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். பொன்னிழையைத் தடவினாள்.

"இத மயிலைக்கும் மாட்டிட்டீங்கன்னா சோலி முடிஞ்சுது. எங்களுக்கு நாணல்திட்டும் இல்ல, கன்னும் இல்ல. ஒரு சந்தேகந்தான். இத தச்சுக் குடுத்த பண்டிதரு, மொதல்ல தான் கட்டிப் பாத்தாரா?"

"அவரு கட்டிக்கிட்டா நாட்டுக்கு என்ன நட்டம், அக்கா?" என்றான் நீலன். "கன்னா கொறையப் போவுது?"

இவ்விரு கூற்றுகளையும் அரச ஓலையில் வரைவது தகுமா என்று தத்தன் நெடுநேரம் தயங்கினான். ஆயினும் நிலைக்கட்டளை நிலைக்கட்டளையே. தவிர, மருத்துவ முறையில் பார்த்தாலும் சாத்தியின் கேள்வியில் குற்றம் காண இயலவில்லை.

ஆகவே பணிந்து தெரிவிப்பது. அரசப் பொருள் ஒன்று அழிந்ததை மறைத்த எழுத்தனின் எழுத்தாணி பறிக்கப்படும் என்பது விதி. மேலோலை எழுத்தன் ஆவதற்குத் தத்தனுக்கு இன்னும் ஒரே ஒரு தேர்வு மீதி; இந்த ஓலை போனால் அது இருக்காது. மாறாக, நாளை பையை மாட்டிப் பட்டத்தைச் சூட்டித் தீர்ப்பையும் படித்துவிட்டால் ஆடு தின்ற கதையை யாரும் கேட்கப்போவதில்லை. மயிலையின் விதை கெட்டபின் அதற்கும் ஏதேனும் ஒரு பசு குற்றவாளியாகக் கிடைக்கும். இரண்டையும் அவன் ஒன்றுக்குப் பலமுறை நிறுத்துப் பார்த்தான். நாணல்திட்டில் நிற்கும் சினைமாடுகளின் பக்கம் தட்டுத் தாழ்ந்தது. அவனுக்கு அது மகிழ்ச்சியாக இல்லை என்பதையும் உண்மையாக எழுதுகிறான்.

மயிலைக்குரிய பட்டத்தை மறுப்பது அவைக்கு இழுக்கு என்பதை அவன் அறிவான். முல்லைப்புறத்தில் இவ்வாண்டு கன்றுகள் பிறக்கக் காரணமாயிருந்த உயிருக்கே பட்டம் என்பது அவையின் உள்ளக்கருத்தாயின், அது மயிலையினும் நீலனின் வெள்ளாடு செவலச்சிக்கே முதலில் உரியது. அரசரின் விதையைக் காத்தது அதன் பல்தான். மகாவித்துப் பேரரையன் என்னும் பெயர் பெண்ணாட்டுக்குப் பொருந்துமாறு திருத்தும் இலக்கணம் தத்தனுக்குத் தெரியாது. அதைப் பண்டிதர் அறிந்திருப்பார்.

பெருமானடிகளின் மோதிரம் எல்லையில் நிற்போனுக்கு அளிக்கும் உரிமையைக் கொண்டு இடப்படும் ஆணை: நாணல்திட்டுத் தீர்ப்பு படிக்கப்படாமல் கட்டியபடியே இருக்கும். மூன்று திங்கள் கழிந்து, திமிலன், கொம்பன் பட்டிகளில் பசுக்கள் சினைப்படுவதும் படாததும் கண்ட பின்னரே அதன் கட்டு அவிழும். அதுவரை மந்தை திட்டிலேயே மேயும். குதிரைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கும். எந்த ஏற்றுக்கும் எவரும் எதையும் அணிவிக்கலாகாது, மாலை நீங்கலாக. இதில் பிழை இருப்பின் அது தத்தனைச் சாரும், முல்லைப்புறத்தாரைச் சாராது. தன் எழுத்தாணியை அவன் இந்த ஓலையோடு கட்டி அனுப்புகிறான். திருப்பி அனுப்புவதும் அனுப்பாததும் அமைச்சரின் திருவுள்ளம்.

செம்மணலில் நீர் ஊறும் அளவும் அரசர் குடை நிழல் தருக. மோதிரத்தின் காளை முத்திரை அரக்கில் பதிந்தது. அக்காளை எதுவும் அணிந்திருக்கவில்லை என்பதை அமைச்சர் உற்று நோக்கியருள்க.

நாளைப் பணி: பொழுது புலர்ந்ததும் திமிலன், கொம்பன் இரண்டின் தையலையும் அறுத்தல். இரண்டையும் ஓடையில் இறக்கிக் குளிப்பாட்டுதல். அறுத்த பைகளோடு பொன்னிழைப் பையையும் முள்வேலியில் போட்டு, செவலச்சியை அவிழ்த்துவிடுதல்.