வர்ற வழி மட்டும் நீளுது

12 ஜூன் 2005, ஞாயிறு

துபாய் ஆஸ்பத்திரி வேலைக்கு அக்கா போக அம்மா சம்மதித்தது ஒரு தப்புக் கணக்கால். எங்கள் ஊரில் தூரம் கேட்டால் நேரம்தான் சொல்வோம். திட்டக்குடி முக்கால் மணி, மெட்ராஸ் ஆறு மணி. டிக்கெட்டில் சென்னையில் புறப்பாடு நாலு மணி, துபாய் போய்ச் சேர்வது ஆறரை என்று இருந்தது.

"மெட்ராஸ விட கிட்டதான இருக்குது" என்றாள் அம்மா. அக்கா என் காலை மிதித்தாள். நான் தலையாட்டி வைத்தேன்.

இன்று மாலை அம்மா, பீங்கான் ஆலையில் கழித்துப் போட்ட, கைப்பிடி கோணலான செகண்ட்ஸ் கப்பில் டீயோடு உட்கார்ந்து, திரும்பி வரும் டிக்கெட்டையும் பார்த்துவிட்டாள்.

"போவ ரெண்டரை மணி. வர அஞ்சரையா? வர்ற வழி மட்டும் ஏன்டா நீளுது?"

அக்கா சூட்கேஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லிவிட்டேன். எந்தப் பக்கமும் நாலு மணி நேரம்தான். கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர். அங்கே கடிகாரம் நம்முடையதை விட ஒன்றரை மணி பின்னால். போகவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது.

அம்மா டீயைக் குடித்து முடித்தாள்.

"அப்ப இங்க விடிஞ்சப்புறந்தான் அங்க விடியுமா?"

"ஆமாம்மா."

"வூட்லயும் நான் எழுந்து ஒன்றரை மணி கழிச்சிதான மகாராணி எழுந்துக்கிறாங்க. போயிட்டு வரட்டும்."

அக்கா சிரித்துவிட்டாள்.

அந்த ஒன்றரை மணி வானத்தில் எந்த இடத்தில் கழிகிறது? பறக்கும்போது அக்காவுக்கு மணி என்ன? ராத்திரி இதையே யோசித்தபடி தண்ணீர் குடிக்கப் போனேன். கூடத்தில் விளக்கு எரிகிறது. அம்மா சுவர்க் கடிகாரத்தின் எதிரில் நின்று, விரல் விட்டு ஒன்றரை மணி பின்னால் எண்ணிக்கொண்டிருக்கிறாள்.