செம்பூர் மொட்டைமாடி வளையம்

ஒரே கயிற்றின் கீழ்முனையில் தொங்கிய என் சுடலைமுத்து மச்சானுக்கு, மேல்முனையில் உட்கார்ந்திருந்தவன் சொல்லி எழுதுவது.

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் செல்வி, உன் மகன் மாரியைக் கட்டியவள். நீ அவளைப் பார்த்ததில்லை. திருநெல்வேலியில் படித்த பெண். தாராவியில் பிறந்த நம் பிள்ளைகளைப் போல எழுத்துக்கூட்டி வாசிக்கிறவள் இல்லை. நம் சங்கத்து மலரில் இதைப் போடுகிறார்களாம். கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடிக்கிற நம் ஆட்கள் படிக்கட்டும், படிக்கத் தெரியாதவர்கள் கேட்கட்டும் என்றுதான் சம்மதித்தேன்.

மச்சான், உன் வளையம் போய்விட்டது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

செம்பூர் கட்டடத்து மொட்டைமாடியில், தேவ்நார்ப் பக்கம் பார்த்த மூலையில், தரையிலிருந்து முளைத்த மாதிரி நிற்குமே, அந்த இரும்பு வளையம். அதில்தான் அன்று உன் கயிற்றைக் கட்டினோம். நீ பலகையில் உட்கார்ந்து இறங்கினாய். நான் வழக்கம்போல மேலே, கயிற்றுக்குப் பக்கத்தில். அவ்வப்போது கீழேயிருந்து கேட்பாய், "மாப்ளே, இருக்கியா?" நான் சொல்வேன், "இருக்கேன் மச்சான்." கயிறு நன்றாக இருக்கிறது, பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அர்த்தம். அதுதான் நம் வேலைமுறை. அன்றும் கேட்டாய். அன்றும் சொன்னேன். சொல்லி வாய் மூடுவதற்குள், விறைத்து நின்ற கயிறு ஈரத்துணி மாதிரி துவண்டு விழுந்தது.

கைப்பிடிச் சுவரின் விளிம்பு கயிற்றை அறுத்திருந்தது. மிச்சக் கயிறு முடிச்சு அவிழாமல் வளையத்திலேயே கிடந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் ஒன்றுதான் சொன்னார்கள்: "வளையம் கைவிடல." அந்த ஒரு வார்த்தையை நாங்கள் பிடித்துக்கொண்டோம். வளையத்தைக் கும்பிட்டோம், விளிம்பை மறந்துவிட்டோம்.

எப்படிக் கும்பிட்டோம் என்று கேள். சுற்றிலும் சிமெண்டால் சின்னதாக ஒரு வரம்பு கட்டி, ஊரில் சுடலைமாடனுக்குப் பீடம் போடுகிற மாதிரி ஆக்கினோம். வேலை தொடங்கும்போதெல்லாம் மஞ்சள் தண்ணீர், இளநீர், மேலே குங்குமம். ஆயுத பூஜைக்கு வெள்ளிப் பெயிண்ட். உன் தங்கச்சி பேச்சியம்மாள் வீட்டிலிருந்து நல்லெண்ணெய் கொடுத்துவிடுவாள், "அண்ணனுக்குத் தடவிருங்க" என்று.

மாரி தலையெடுத்து இந்த வேலைக்கு வந்ததும், அந்தக் கட்டடத்தில் வேறெந்த வளையத்திலும் கயிறு கட்டமாட்டேன் என்றுவிட்டான். "எங்கப்பா பிடிச்சிருக்காரு மாமா. வேற யாரு பிடிப்பா?" நானும் நம்பினேன். காற்றடிக்கிற நாளில் அந்த மூலையில் உட்கார்ந்தால் உன் குரல் கேட்கும். இருக்கியா? நான் வாய்விட்டே பதில் சொல்வேன். கூட வேலை செய்கிறவர்கள், "மாமாவுக்கு போன் வந்துட்டுடோய், ரிங்டோன் நமக்குத்தான் கேக்கல" என்று சிரிப்பார்கள்.

இந்த வருஷம் மழை விட்டதும் அதே கட்டடத்தில் பெயிண்ட் வேலை. மாரி ஒரு வாரம் அந்த வளையத்தில் தொங்கி ஒரு பக்கத்தை முடித்துவிட்டான். அடுத்த பக்கம் தொடங்கும் முன் வளையங்களைச் சோதிக்க வேண்டும் என்று கட்டடத்தை நடத்துகிற சொசைட்டிக்காரர்கள் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டிருந்தார்கள். வந்தது ஒரு பெண். மாட்டுங்கா தமிழ்க் குடும்பம், பேர் வித்யா. முதுகில் பை, தலையில் ஹெல்மெட். நம் மூலைக்கு வந்ததும் நின்றுவிட்டாள்.

"அங்கிள், இது என்ன, சாமியா?"

"எங்க மச்சான்மா" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "ஷூவைக் கழட்டணும்தான். ஆனா மாடியில வேலை பண்றச்சே கழட்டக் கூடாது. மன்னிச்சுக்கோங்கோ" என்று வரம்புக்கு வெளியே மண்டியிட்டு, பையிலிருந்து கம்பி பிரஷை எடுத்தாள்.

மாரி குறுக்கே வந்து நின்றான். "மத்ததெல்லாம் பாருங்க மேடம். இதத் தொடாதீய."

"இதைத்தானே கட்டிண்டு தொங்கறேள்? அப்போ இதைத்தான் முதல்ல பாக்கணும்."

சொசைட்டி செக்ரட்டரி மராட்டிக்காரர். அவரும் கைகூப்பி, "மேடம், பகவான் ஹை, ரெஹ்னே தோ" என்றார். சாமி, விட்டுவிடுங்கள் என்று பெரிய மனிதரே சொன்னதும் மாரிக்குத் தெம்பு வந்துவிட்டது. "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மாமா."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் உன்னைக் கேட்டேன். அந்த நேரம் பார்த்து நீ வாய் திறக்கவில்லை. ஏன் மச்சான்? காற்றுகூட நின்றிருந்தது. கூப்பிடுகிறவன் கூப்பிடாமல் இருந்தால் மேலே இருக்கிறவன் என்ன செய்ய வேண்டும்? சும்மா உட்காரக் கூடாது, தொட்டுப் பார்க்க வேண்டும். நீ வைத்த முறைதானே அது?

"கொடும்மா, நானே தேய்க்கேன்" என்று பிரஷை வாங்கினேன்.

குங்குமம் போயிற்று. எண்ணெய்ப் பிசுக்கு போயிற்று. வெள்ளிப் பெயிண்ட் ஏடு ஏடாக உரிந்தது. அடியில் இருந்த கறுத்த துரு, தட்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கியது. மேலே கட்டைவிரல் தடிமன் இருந்த இரும்பு, சிமெண்டுக்குள் இறங்குகிற இடத்தில் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

"தண்ணி தேங்கி நின்னிருக்கு அங்கிள். வரம்பு கட்டினதால வெளியே போக வழியில்லை. இளநீர் வேற, அதுல உப்பு உண்டு. இது பாத்தாலே ஃபெயில்" என்றாள்.

மாரி விடவில்லை. "ஒரு வாரமா என்னத் தாங்கிச்சே!"

"அப்போ இழுத்தே காட்டறேன்."

எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னாள். வளையத்தில் ஒரு கருவியை மாட்டி, கைப்பிடியை மெல்லச் சுற்றினாள். அதன் முள் லேசாக அசைந்தது. சுள்ளி ஒடிகிற சத்தம். அவ்வளவுதான். வளையம் உருண்டு வந்து என் காலடியில் கிடந்தது.

மாரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தான் தொங்கிய பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டு கேட்டான்: "அப்ப நான் எதுல மாமா தொங்கினேன்?"

அன்றிலிருந்து கண்ணை மூடினால் ஒன்றுதான் வருகிறது. நீ அந்த மூலையில் குப்புறக் கிடக்கிறாய். ஒரு கையால் சிமெண்டைப் பற்றியிருக்கிறாய், மறு கையில் பிள்ளையின் கயிறு. நாங்கள் உன் தலையில் இளநீரை ஊற்றிக்கொண்டே இருக்கிறோம். காற்றில் நீ என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாயே, இருக்கியா, இருக்கியா என்று, அது விசாரிப்பா? இல்லை, கை தளர்கிறது, வந்து பிடி என்று கூப்பிட்டாயா? நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே பதில் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனா?

ஒடிந்த வளையத்தைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேச்சியம்மாள் பிரித்துப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "எங்க அண்ணன வீட்டுக்குக் கூட்டியாந்துட்டீயளா?" உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். கை பழக்கத்தில் எண்ணெய்ப் பாட்டிலை எடுத்தவள், அப்படியே கீழே வைத்துவிட்டாள். "வேண்டாம். தொடச்சு மட்டும் வைக்கேன்."

வரம்பை மாரியே சுத்தியலால் உடைத்தான். உடைக்கும்போது அழுதான், யாரும் தடுக்கவில்லை. இப்போது அங்கே போல்ட் போட்டு முடுக்கிய புது வளையங்கள். வித்யா ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் விட்டாள். பலகைக்கு ஒரு வளையம், உடம்பு பெல்ட்டுக்குத் தனிக் கயிறு, தனி வளையம். உன்னை அறுத்த அந்த விளிம்புக்குத் தடித்த ரப்பர்.

நேற்று மாரி இறங்கினான். இறங்கும் முன் அவன் கை தானாகப் பழைய மூலைப் பக்கம் போயிற்று. வெறும் தரை. கையை எடுத்துக்கொண்டு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தான். கொஞ்சம் கழித்துக் கீழேயிருந்து சத்தம் வந்தது: "மாமா, இருக்கீயளா?" நான் எழுந்து போய் இரண்டு கயிற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்: "இருக்கேம்ல."

செல்வி எழுதுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்சம் பொறு மச்சான்.

"அவுகள நாங்க பாத்துக்கிடுதோம்னு மாமனாருக்கு நானும் ஒரு வரி எழுதிக்கிடட்டுமா?" என்று புருஷனை நினைத்துக் கேட்கிறாள். எழுதிக்கோ தாயி என்றேன். எழுதிவிட்டாள்.

என் பங்குக்கு நானும் வாக்குக் கொடுக்கிறேன். எனக்கு நடமாட்டம் இருக்கிறவரை, கயிறு கட்டும் முன் ஒவ்வொரு வளையத்தையும் துடைத்துப் பார்ப்பேன். அதன்மேல் ஒரு பூகூட விழ விடமாட்டேன். உன்னைக் கும்பிடுவது வீட்டில். உன் பிள்ளை தொங்குவது இரும்பில்.

இத்தனை வருஷம் பிடித்தது போதும், கை வலிக்கும். விட்டுவிடு மச்சான். மேலே நான் இருக்கேன்.

இப்படிக்கு,
உன் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை,
ஐயம்பெருமாள், தாராவி