ஏழாம் மாச வளையல்

ஜூலை 3, செவ்வாய்.
விடியலிலிருந்து மழை. துணி காயவில்லை. பக்கத்து வீட்டு மதலேனக்கா உப்பு மாங்காய் கொண்டுவந்தாள். தீட்டு நின்று, வயிறும் தள்ளி, நாற்பத்தாறு வயதில் நான் பிள்ளைத்தாச்சி. தெருவே பேசுகிறது. "நீ வேண்டிக்கிட்ட புனித அன்னம்மாள் கண் திறந்துட்டா பாத்தியா" என்றாள் அக்கா. ஊரார் சங்கதியை இத்தனை வருஷம் பரப்பினவள் நான். இப்போது என் முறை. மாங்காய் நல்ல புளிப்பு. இரண்டு கடிக்கு மேல் இறங்கவில்லை.

5, வியாழன்.
வெயில். லேடி டாக்டரிடம் தனியாக, ரிக்‌ஷாவில். பிள்ளை இல்லையாம். சூலகத்தில் புற்று. வயிற்றில் நீர். அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. நீரை எடுத்தால் மூச்சு விடலாம், திரும்ப ஊறும். வேறென்ன வேண்டும் என்று கேட்டாள். குனிந்து என் கால் விரலைப் பார்க்கணும், மல்லாந்து படுக்கணும், ஒரு கிண்ணம் லக்சா, மீன் சாறும் நூடுல்ஸுமாய், முழுசாகச் சாப்பிடணும் என்றேன். அவள் சிரிக்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்காரர் ஆபீஸ் சட்டையோடு வயிற்றில் காது வைத்தார். உள்ளே நீர் களக் களக். "உதைக்கிறான் பிலோமி." சொல்ல வாயெடுத்தேன். கொட்டாவி விட்டுவிட்டேன்.

8, ஞாயிறு.
பூசைக்குப் போகவில்லை, மூச்சிரைப்பு. சனிக்கிழமை வளையல் போட மதலேனக்கா நாள் குறித்துவிட்டாள். அவர் சூலியா தெருவில் கண்ணாடி வளையல் வாங்கிவந்து, ஆசை தாங்காமல் ஒன்றை மாட்டிப் பார்த்தார். முழங்கை தாண்டி ஏறியது. கையை இறக்கினேன், கழன்று விழுந்து உடைந்தது.
"ஏழு மாசக்காரி கை பூரிக்கணுமே."
"பிள்ளை இல்லீங்க. புற்று."
மீதி வளையலை ஒவ்வொன்றாகக் காகிதத்தில் சுற்றினார். கடைசியையும் சுற்றி வைத்துவிட்டு, "வலிக்குதா?" என்றார். இதுவரை யாரும் கேட்கவில்லை. எல்லாரும் மாங்காய்தான் கொடுத்தார்கள்.

12, வியாழன்.
நீர் எடுத்தார்கள். வாளி நிறைய! கால் விரல்கள் தெரிகின்றன, அசிங்கமான விரல்கள். லக்சா பாதிக் கிண்ணம்.

14, சனி.
தூறல். வளையல் வேண்டாமென்று சொல்லிவிட்டு வர அவர் சட்டை மாட்டினார். வரட்டும் என்றேன். மதலேனக்கா வற்றிப்போன என் வயிற்றைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். நானே சொன்னேன். என் வாயால் போன சங்கதிகளில் கலப்படமில்லாதது இது ஒன்றுதான். அழுதுகொண்டே தன் பேத்தியின் வளையல்களை எனக்குப் போட்டுவிட்டாள். அளவு சரி.

வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கத்தான் வளையல் போடுவது. அவர் அடுப்படியில் கஞ்சி கிளறுகிறார். எழுதுவதை நிறுத்தினால் வளையல் சத்தம் நிற்கிறது. உடனே எட்டிப் பார்க்கிறார். எழுத ஒன்றுமில்லை. கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன்.